சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் கோபம்: டிமென்ஷியாவின் மறுபக்கத்தை எலிகளிடம் எப்படிப் படிக்கிறார்கள்?

சாயங்காலம் ஆறு மணி. பாட்டி கட்டிலில் இருந்து எழுந்து, இரண்டு புடவைகளை மஞ்சப்பையில் திணிக்கிறார். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்" என்கிறார். "பாட்டி, இதுதான் நம்ம வீடு" என்று நீங்கள் சொன்னதும் முகமே மாறிவிடுகிறது. தன்னை அடைத்து வைத்திருப்பதாகக் கத்துகிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா வளையலை எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். உங்களுக்கோ ஆறரைக்கு ஆபீஸ் மீட்டிங். கேமராவை ஆஃப் பண்ணி, மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடுகிறீர்கள்.

டிமென்ஷியா உள்ள வீடுகளுக்கு இது பழகிப்போன காட்சி. பெயர் மறப்பது, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பது எல்லாம் எப்படியோ சமாளிக்கக்கூடியவை. குடும்பத்தை உண்மையில் உடைப்பது படபடப்பு, அடிக்கக் கை ஓங்குவது, யாரோ திருடிவிட்டார்கள் என்ற சந்தேகம், இல்லாத ஆளைப் பார்ப்பது, ராத்திரி முழுக்க நடப்பது ஆகியவைதான். இன்னொரு பக்கம், எதிலும் ஒட்டாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதும் இதில் சேரும். அது சத்தம் போடாத அறிகுறி என்பதால் பலரும் கவனிப்பதே இல்லை. நோயின் ஏதோ ஒரு கட்டத்தில், கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளுக்கும் இவற்றில் ஒன்றாவது வரும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது 7.4 சதவீதம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆனால் உலகெங்கும் ஆய்வகங்களில் எலிகளை வைத்து நடக்கும் டிமென்ஷியா ஆராய்ச்சியை எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி ஞாபகசக்தியைப் பற்றியது. கோபத்தையும் சந்தேகத்தையும் தூக்கமின்மையையும் விலங்குகளிடம் படிக்கும் வேலை ரொம்ப நாள் ஓரமாகவே இருந்தது. அது ஏன், இப்போது என்ன மாறியிருக்கிறது, எலி எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது?

முதல் நோயாளிக்கு முதலில் வந்தது மறதி அல்ல

1901 நவம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மனநலக் காப்பகத்தில் அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரைக் கவனித்த டாக்டரின் பெயர் அலாய்ஸ் அல்சைமர். 1906-இல் அகுஸ்டே இறந்த பிறகு, அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்து அல்சைமர் விவரித்த படிவுகளும் நார்முடிச்சுகளும்தான் இன்றுவரை அந்த நோயின் அடையாளம்.

ஆனால் அல்சைமர் எழுதிய குறிப்பில் முதல் அறிகுறியாக இருப்பது வேறு. கணவர்மீது திடீரென்று வந்த பொறாமை! மறதி அதற்குப் பிறகுதான். சொந்த வீட்டிலேயே வழி தெரியாமல் தவித்தார், பொருட்களை இங்கும் அங்கும் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தார், தன்னை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்று கத்தினார். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய இந்தக் கேஸ் ஷீட்டை இன்று டிமென்ஷியா நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எந்த மருமகளிடம் காட்டினாலும், "எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கே" என்பார்.

எலிக்கு இந்த நோய் வராது, வரவைக்கிறார்கள்

சுண்டெலிக்கு இயற்கையாக அல்சைமர் வருவதில்லை. மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் எலிக்கும் உண்டு. ஆனால் மனிதப் புரதத்துடன் ஒப்பிட்டால் மூன்று இடங்களில் மட்டும் அமினோ அமிலம் வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தால் எலியின் புரதம் அவ்வளவு சுலபமாகக் கட்டிதட்டாது.

எனவே மனித மரபணுவை எலிக்குள் நுழைக்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில், நடுவயதிலேயே பரம்பரையாக அல்சைமர் வந்த குடும்பங்களில் 1992-இல் ஒரு மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பிழையுள்ள மனித மரபணுவைச் சுமக்கும் எலியை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேரன் ஷியாவின் குழு 1996-இல் அறிமுகப்படுத்தியது. 'டிஜி2576' என்று கார் நம்பர் பிளேட் மாதிரி பெயர். 2003-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஃபிராங்க் லாஃபெர்லா குழு, மூன்று மரபணுப் பிழைகள் கொண்ட இன்னொரு எலியை உருவாக்கியது. அதில் படிவும் வரும், முடிச்சும் வரும்.

இங்கேயே ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப் பரம்பரைப் பிழையால் அல்சைமர் வருபவர்கள் மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் பாட்டிக்கு வந்தது பெரும்பாலும் அது அல்ல. எலி காட்டுவது நோயின் ஒரு துண்டைத்தான், முழு நோயை அல்ல.

குப்பைக்குப் போன தகவல்

எலியின் ஞாபகசக்தியை அளக்க ரொம்பப் பிரபலமான சோதனை, பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் மோரிஸ் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய நீர்த்தொட்டிச் சோதனை. வட்டமான தொட்டி, கலங்கலான தண்ணீர். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலி நீந்தி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலைந்து நாள் பழகியதும் நேரே மேடைக்குப் போய்விடும். ஞாபகம் போன எலி சுற்றிச் சுற்றி வரும்.

இதில் சில எலிகள் சொதப்பும். தேடவே தேடாமல் தண்ணீரில் சும்மா மிதக்கும். வேறு சில, பயத்தில் தொட்டிச் சுவரை ஒட்டியே நீந்தும். ஆண் எலிகளில் சில இனங்கள் கூண்டுக்குள் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதால், அவற்றைத் தனித்தனியாக வைப்பார்கள். ஞாபகசக்தியைத் தேடும் ஆய்வாளருக்கு இதெல்லாம் இடைஞ்சல். மிதக்கிற எலியைக் கணக்கில் இருந்து எடுத்துவிடுவதுகூட உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முயற்சியே செய்யாமல் மிதப்பது, காரணமில்லாத பயம், கூட இருப்பவரைக் கடிப்பது. நாட்டமின்மை, பதற்றம், ஆக்ரோஷம் என்று மனித நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் இதைத்தானே? முழுக்க ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. தண்ணீரில் குளிர்ந்துபோய் மிதக்கும் எலியும் உண்டு. ஆனாலும் ஞாபகத்தை அளக்கும் அவசரத்தில் நடத்தையை 'பிழை' என்று ஒதுக்கிய காலம் நீண்டது என்பது என் கருத்து.

நடத்தையை மட்டும் பார்ப்பதற்கான சோதனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது கூடு கட்டும் சோதனை. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ராத்திரி கூண்டுக்குள் அழுத்திய பஞ்சுத் துண்டு ஒன்றை வைப்பார்கள். காலையில் வந்து பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுவார்கள். நல்ல எலி பஞ்சைப் பிய்த்து, கிண்ணம் மாதிரி சுவர் எழுப்பித் தூங்கியிருக்கும். அதற்கு ஐந்து மார்க். பஞ்சைத் தொடவே இல்லையா? ஒன்று. அல்சைமர் மரபணு ஏற்றிய எலிகள் பலவற்றில் இந்த மார்க் குறைகிறது. யாரும் கற்றுக்கொடுக்காத, தினமும் செய்யும் வேலை அது. தலை வாருவது, படுக்கையை மடிப்பது போன்ற அன்றாட வேலைகளை ஒரு மனிதர் விட்டுவிடுவதற்குப் பக்கத்தில் வைத்து ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

சாயங்காலப் பிரச்சினையின் சுவிட்ச் எங்கே?

ஆறு மணிக் காட்சிக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: 'சன்டவுனிங்'. பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் கோபமும் கூடுவது. வெளிச்சம் குறைவதாலா, களைப்பாலா, வீட்டில் ஆட்கள் வந்து போகும் பரபரப்பாலா என்று பல விளக்கங்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே காரணமாக இருக்குமா?

எலியிடம் இதைப் படிக்கும்போது முதல் குழப்பம், எலிக்கு நம் சாயங்காலம்தான் விடியல். அது ராத்திரி விழித்து, பகலில் தூங்கும் பிராணி. எனவே 'தூங்கப் போகும் நேரத்துக்கு முன்பு' என்று திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசி பெட்ரோசியன், ராண்டி நெல்சன் குழுவினர் அதைச் செய்தார்கள். வயதான எலிகளிலும், அல்சைமர் மரபணு ஏற்றிய எலிகளிலும், பதற்றம் நாளின் எந்த நேரத்தில் கூடுகிறது என்று பார்த்தார்கள். தூங்கும் நேரம் நெருங்கும்போது வயதான எலிகளிடம் பதற்றம் கூடியது தெரிந்தது. 2011-இல் முடிவு வெளியானது.

அடுத்த கேள்வி, மூளையில் எந்த வயரிங் இதைச் செய்கிறது? 2018-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிளிஃபர்ட் சேப்பரின் ஆய்வகத்தில் இருந்து வந்த பதில் சுவாரசியமானது. ஓர் ஆண் எலியின் கூண்டுக்குள் வேற்று எலி ஒன்றை விடுவார்கள். நம்ம ஏரியாவுக்குள் வேறு ஆள் வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். எத்தனை விநாடியில் பாய்கிறது, எத்தனை தடவை கடிக்கிறது என்று எண்ணுவார்கள். இதையே நாளின் வெவ்வேறு நேரத்தில் செய்தபோது, ஒரே எலியின் கோபம் நேரத்துக்கு நேரம் மாறியது. விளக்கு எரியத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், அதாவது எலி தூங்கும் வேளையில், கோபம் குறைவு. இருட்டத் தொடங்கியதும் அதிகம்.

கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் உடம்பின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டம் கடிகாரத்திடம் நேரம் கேட்டுக்கொண்டு, சண்டையைத் தூண்டும் இன்னொரு பகுதிக்கு பிரேக் போடுகிறது. தூங்கும் வேளையில் பிரேக் அழுத்தமாக விழும். அந்த நரம்பணுக்களின் வேலையை ஆய்வாளர்கள் செயற்கையாக நிறுத்தியபோது, அமைதியாக இருக்க வேண்டிய நேரத்திலும் எலி பாய்ந்து கடித்தது.

அல்சைமரில் கடிகாரப் பகுதியும் சேதமாகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். எனவே பாட்டியின் ஆறு மணிக் கோபம் குணக்கோளாறோ வீம்போ இல்லை, பிரேக் தேய்ந்துபோன கோளாறாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற வார்த்தைக்கு இங்கே எடை அதிகம். அந்த எலிகள் அல்சைமர் எலிகள் அல்ல. தவிர, அவை ஆண் எலிகள். மனிதர்களில் அல்சைமர் நோயாளிகளில் பெண்களே அதிகம். தன் எல்லைக்குள் வந்த ஆணை விரட்டும் எலியின் கோபமும், குளிக்க வைக்கும்போது கையைத் தட்டிவிடும் பாட்டியின் பயமும் ஒரே சரக்கா என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

'வளையலைத் திருடிட்டா': இது எலிக்குப் புரியுமா?

சந்தேகமும் மாயத்தோற்றமும் அடுத்த நிலைப் பிரச்சினை. எலி வாய் திறந்து சொல்லாது. ஆனால் 2021-இல் காத்தரினா ஷ்மாக், ஆடம் கெபெக்ஸ் குழு கெட்டிக்காரத்தனமான ஒரு வழியைக் கண்டுபிடித்தது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஓசை கேட்டதா இல்லையா என்று எலி ஒரு பக்கம் மூக்கை நுழைத்துப் பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் என்றால் கொஞ்ச நேரம் கழித்துப் பரிசு. தன் பதிலில் நம்பிக்கை உள்ள எலி பரிசுக்காக ரொம்ப நேரம் காத்திருக்கும். சந்தேகம் இருந்தால் சீக்கிரம் கிளம்பிவிடும். ஓசையே வராதபோதும் 'கேட்டது' என்று சொல்லி, நம்பிக்கையோடு நீண்ட நேரம் காத்திருந்தால்? இல்லாததைக் கேட்ட அனுபவத்துக்கு அது ரொம்ப நெருக்கம். மனிதர்களுக்கும் இதே சோதனையைக் கொடுத்தார்கள். எலியின் மூளையில் டோபமைன் கூடும்போது இந்தப் பொய்யான நம்பிக்கையும் கூடியது.

இது டிமென்ஷியாவுக்காகச் செய்த ஆய்வு இல்லை, பொதுவாக மனச்சிதைவு பற்றியது. ஆனாலும் வழி திறந்திருக்கிறது. வளையல் திருட்டு வேறு விஷயம். அதில் வளையலும் உண்டு, அதைப் போட்ட மகளும் உண்டு, வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றிய பழைய எண்ணங்களும் உண்டு. அந்தக் கதைக்கு எந்தக் கூண்டும் போதாது.

வீட்டு நாய் ஒரு நல்ல சாட்சி

மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலே டிமென்ஷியா மாதிரியான நோய் வரும் பிராணி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நாயின் அமிலாய்டு பீட்டா மனிதனுடையதோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. வயதானால் அதன் மூளையிலும் படிவு சேரும். பழகிய வீட்டில் மூலையில் மாட்டிக்கொண்டு நிற்கும், கதவின் தப்பான பக்கத்தில் காத்திருக்கும், ராத்திரி காரணமில்லாமல் குரைக்கும், வளர்த்தவரையே கண்டுகொள்ளாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 2001-இல் வெளியான ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இதில் ஓர் அறிகுறியாவது இருந்தது.

2022-இல் அமெரிக்காவில் 15,000-க்கும் அதிகமான நாய்களின் விவரங்களை வைத்து வந்த ஆய்வு, வயது ஒவ்வொரு வருஷம் கூடும்போதும் இந்த நோய்க்கான வாய்ப்பு 52 சதவீதம் ஏறுவதாகச் சொன்னது. ஓடியாடாத நாய்களிடம் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஓடாததால் நோயா, நோயால் ஓடவில்லையா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது.

நாயிடம் உள்ள பெரிய லாபம், அது ஆய்வகத்தில் இல்லாமல் குடும்பத்தோடு வாழ்கிறது என்பதுதான். அதே ஹால், அதே டிவி சத்தம், அதே தூக்கம் கெட்ட மனிதர்கள். நடத்தை மாறியதை முதலில் கவனிப்பதும் வீட்டு ஆட்களே. குறைகளும் உண்டு. அல்சைமரின் இரண்டாவது அடையாளமான நார்முடிச்சுகள் நாய் மூளையில் அரிது. எலி இரண்டு வருஷத்தில் கிழமாகிவிடும், நாய்க்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

மனிதனுக்கும் எலிக்கும் ஒரே கோடு

இப்போது சோதனைகளின் திசை கொஞ்சம் மாறியிருக்கிறது. எலியைத் தூக்கி விநோதமான தொட்டியில் போடாமல், அதன் சொந்தக் கூண்டிலேயே 24 மணி நேரமும் கேமராவில் பார்ப்பது ஒரு வழி. 2018-இல் வெளியான 'டீப்லேப்கட்' போன்ற மென்பொருள்கள், வீடியோவில் எலியின் மூக்கு, காது, வால் எங்கே போகின்றன என்று தாங்களே பின்தொடர்கின்றன. மனிதர் நின்று மார்க் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, இரு தரப்பிலும் அளக்கக்கூடிய ஒரே விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது. எலிக்குக் கூண்டில் ஓடும் சக்கரம், மனிதருக்கு மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு கருவி. இரண்டிலும் கிடைப்பது நாள் முழுக்க எப்போது அசைந்தார், எப்போது ஓய்ந்தார் என்ற ஒரே மாதிரியான வரைபடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 189 பேரிடம் இப்படி அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஞாபகசக்தி நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையில் அமிலாய்டு சேரத் தொடங்கியவர்களுக்கு அந்த ஓய்வு–அசைவுத் தாளம் துண்டு துண்டாக உடைந்திருந்தது. அதே நகரத்து ஆய்வாளர்கள், எலிகளைத் தூங்கவிடாமல் வைத்தால் அமிலாய்டு படிவு கூடுவதை 2009-லேயே காட்டியிருந்தார்கள். நோய் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் நோயை வளர்க்கிறது என்று இரண்டு பக்கமும் அம்புக்குறி போகிறது போல.

மாத்திரை எங்கே?

இதெல்லாம் யாருக்கு அவசரம் என்றால், டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் குடும்பத்துக்கு. கட்டுக்கடங்காத கோபத்துக்கு இன்றும் மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளைத்தான் கடன் வாங்குகிறோம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவற்றைக் கொடுத்தால், மாத்திரை மாதிரி இருக்கும் வெறும் போலி மருந்து எடுத்தவர்களைவிட இறக்கும் அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு என்று 17 மருத்துவச் சோதனைகளைப் பார்த்துவிட்டு, 2005-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. அல்சைமர் நோயாளியின் படபடப்புக்கென்றே அது அனுமதித்த முதல் மருந்து, பிரெக்ஸ்பிப்ரசோல், 2023 மே மாதம்தான் வந்தது. அதுவும் 2015-இலிருந்தே மனச்சிதைவுக்குப் பயன்பட்டு வந்ததுதான். அதே எச்சரிக்கை இதன் பெட்டியிலும் இருக்கிறது.

மனச்சோர்வுக்கான சிட்டலோபிராம் மாத்திரை படபடப்பைக் குறைக்கிறது என்று 2014-இல் 186 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. ஆனால் அந்த அளவில் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் அது பாதித்தது. கையில் இருக்கும் மருந்துகள் எல்லாமே வேறு நோயிலிருந்து வந்தவை. பிரேக் எங்கே தேய்கிறது என்று எலியிடம் தேடுவது அதற்காகத்தான்.

அதுவரை வீட்டில்? நார்வேயில் 18 முதியோர் காப்பகங்களில், டிமென்ஷியாவும் நடத்தைப் பிரச்சினையும் உள்ள 352 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2011-இல் முடிவு வந்தது. ஒரு பிரிவினருக்கு வலிக்குப் படிப்படியான சிகிச்சை கொடுத்தார்கள், பெரும்பாலானோருக்கு வெறும் பாராசிட்டமால். எட்டு வாரத்தில் அவர்களின் படபடப்பு 17 சதவீதம் குறைந்தது. மூட்டு வலியோ பல் வலியோ இருக்கிறது என்று சொல்ல வார்த்தை வராதவர், கையைத் தட்டிவிட்டுத்தான் சொல்கிறார். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தாகம், காதில் மிஷின் பேட்டரி தீர்ந்துபோனது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திடீரென்று ஒன்றிரண்டு நாளில் குணம் தலைகீழாக மாறினால் டிமென்ஷியா முற்றிவிட்டது என்று நினைத்து உட்காராமல், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பாராசிட்டமாலாக இருந்தாலும் அவரைக் கேட்டே கொடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "ரொம்பக் கோபப்படுறாங்க" என்று மட்டும் சொல்லாமல், ஒரு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதற்கு அடங்கியது, முந்தின ராத்திரி தூங்கினாரா. கூண்டுக்கு வெளியே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் எழுதுவதும் இதே ஐந்து விஷயங்கள்தான். அவருக்குக் கிடைக்காத ஆறாவது ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்: மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பாட்டி போக நினைப்பது எந்த ஊர் வீட்டுக்கு என்று கேட்டுப் பார்க்கலாம்.